படகடி விளக்கு

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போதே மேலத்துறையின் விளக்குக் கடைகளில் கூட்டம் நெரியத் தொடங்கிவிடும். இறந்தவர்களோடு பேசப் பச்சை விளக்கு நல்லதா, நீல விளக்கு நல்லதா என்பதில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. பச்சைக் கட்சியில் பெண் எடுத்தபின் நீலத்திலிருந்து மாறியவர்கள் உண்டு. மாறியதால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோன வீடுகளும் உண்டு. வெள்ளை விளக்கு வாங்குகிறவனை இரண்டு கட்சியும் மதிப்பதில்லை. அது விவரம் தெரியாத வெளியூர்க்காரன் வாங்குவது.

கஸ்பார் வெள்ளை விளக்கைத்தான் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அடியில யாரு அண்ணாச்சி?" என்று கேட்டாள் கடைக்காரி இசக்கியம்மாள். துணிக்கடையில் 'யாருக்குப் பார்க்கணும்' என்று கேட்பதுபோல, அந்தக் கடையில் அதுதான் முதல் கேள்வி.

"அம்மா."

"எந்தத் தெரு?"

"தெற்கு மாதாகோயில் தெரு. ஆழம் பன்னிரண்டு மீட்டர்னு வரைபடத்துல போட்டிருக்கு."

இசக்கியம்மாள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். "தெக்குத் தெருவுக்கு இந்த வருசந்தான் கடைசி. தெரியும்லா?"

"தெரியும். அதான் வந்தேன்."

மேலத்துறை கடல்மேல் மிதக்கும் ஊர். கான்கிரீட் மிதவைகள், அவற்றைப் பிடித்திருக்கும் சங்கிலிகள், மிதவைகளின் மேல் கடைகள், பள்ளிக்கூடம், மாதாகோயில் எல்லாம் உண்டு. அதற்கு நேர் கீழே கடலடியில் கிடப்பது கீழத்துறை. கடல்மட்டம் ஏறத் தொடங்கிய காலத்தில் அந்த ஊரைக் காலி செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. சுற்றிலும் சுவர் கட்டிக் கடலை வெளியே நிறுத்தினார்கள். கடல் ஏற ஏறச் சுவரையும் ஏற்றினார்கள். கடைசியில் ஊர் ஒரு கிணற்றின் அடியில் இருப்பதுபோல இருந்தது, ஆனாலும் வீட்டுக்கு வெள்ளையடிப்பதையோ கொடியேற்றத் திருவிழாவையோ அவர்கள் ஒரு வருடம்கூட விட்டதில்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்குச் சுவர் உடைந்தது. பன்னிரண்டு நிமிடங்களில் ஊர் முடிந்தது.

மிஞ்சியவை இல்லக்கற்கள். அந்தக் காலத்து வீடு ஒவ்வொன்றின் வாசற்படி அஸ்திவாரத்திலும் கையகலத்தில் ஒரு கல்லை வைத்து வார்த்திருந்தார்கள். கதவைத் திறப்பது, அடுப்பை அணைப்பது, தொலைபேசியை இணைப்பது எல்லாம் அதன் வேலை. வீட்டிலிருந்தவர்கள் தொலைபேசியில் பேசிய ஒவ்வொரு சொல்லும் அதில் பதிந்திருந்தது. பொறியாளர்கள் முக்குளித்துப் போய், அந்தப் பேச்சிலிருந்து ஒரு குரல்படிமத்தை உண்டாக்கிக் கல்லிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். இப்படிக் கேட்டால் இந்த மனுஷி என்ன சொல்லியிருப்பாள் என்று கணித்துச் சொல்வதுதான் குரல்படிமம். உயிர் கிடையாது. ஆனால் குரல் அதே குரல், இழுப்பு அதே இழுப்பு. கல்லைப் பெயர்த்தால் படிமம் அழிந்துவிடும் என்பதால் பேச வேண்டுமென்றால் நாம்தான் போக வேண்டும். குருமார் முதலில் கடுமையாக எதிர்த்தார்கள். பிறகு அவர்களும் ஆளுக்கொரு விளக்கு வாங்கினார்கள்.

விளக்கு எதற்கு என்றால், உப்புநீரில் வானொலி அலை போகாது, ஒளி போகும். படகின் அடியில் பொருத்திய விளக்கு கல்லின்மேல் விழுந்தால் அந்த ஒளியிலேயே கல் பசியாறி விழித்துக்கொள்ளும். நம் பேச்சு விளக்கின் மினுக்கலில் ஏறிக் கீழே போகும். கல்லும் மினுக்கிப் பதில் சொல்லும். படகடியில் உள்ள ஒளிச்செவி அதைக் குரலாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். ஒரு கல்லுக்கு ஆண்டுக்கு ஒரே பேச்சு. முடித்துக்கொண்டு உறங்கிவிட்டால் அதன் உப்பு மின்கலம் தெளியப் பதினொரு மாதம் ஆகும். பேச்சைப் பதிவு செய்வது குற்றம். செத்தவர் வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு சொத்து வழக்குப் போடக் கிளம்பிய புண்ணியவான்களால் வந்த சட்டம் அது.

தெற்குத் தெருக்களுக்கு இன்னொரு சிக்கல். ஆற்று வண்டல் வருடந்தோறும் அந்தப் பக்கம்தான் படிகிறது. வரும் பருவமழையோடு அங்கேயுள்ள கற்கள் முழுக்கச் சேற்றில் புதைந்துவிடும் என்று அறிவிப்பு வந்துவிட்டது. பிறகு எந்த நிற விளக்கும் எட்டாது.

கஸ்பாருக்கு ஐம்பத்து மூன்று வயது. விண்துறைமுகத்தில் சரக்குக் கலங்கள் புறப்படும் நேரத்தை வகுத்துக் கொடுக்கும் அதிகாரி. நிமிடத்தை வீணாக்குகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு கல்லறைத் திருநாளுக்குக்கூட அவர் வந்ததில்லை. வேலை என்று சொல்லிக்கொள்வார். உண்மையில் அது பயம்.

சுவர் உடைந்த அன்று, பத்தே முக்காலுக்கும் பதினொன்றுக்கும் இடையில் அவருடைய அம்மா மதலேன் மூன்று முறை அவரை அழைத்தாள். கஸ்பார் ஒரு கூட்டத்தில் இருந்தார். மூன்று முறையும் 'பிறகு அழைக்கிறேன்' என்ற ஆயத்தச் செய்தியைத் தட்டிவிட்டார். கூட்டம் எதைப் பற்றி என்று இன்று அவருக்கே நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுகிறவள், ஒரு முறை எடுக்கவில்லை என்றால் பேசாமல் விட்டுவிடுகிறவள், அன்று ஏன் மூன்று முறை கூப்பிட்டாள்? சுவரில் கசிவைப் பார்த்தாளா? நெஞ்சு வலித்ததா? சாகப் போகிறோம் என்று ஏதோ தோன்றி, கடைசியாக ஒன்று சொல்ல நினைத்தாளா? முற்பகல் பத்தே முக்கால் ஆனால் இன்றும் அவர் கை தன்னால் சட்டைப்பைக்குப் போகும். கேட்டால் ஏதாவது பயங்கரமான பதில் வந்துவிடுமோ என்றுதான் இத்தனை நாள் கேட்காமலே இருந்தார். இனிமேல் கேட்கவே முடியாது என்றானபிறகு அவரால் இருக்க முடியவில்லை.

"வெள்ளைய வையுங்க கீழ," என்று இசக்கியம்மாள் தொடங்கினாள். கஸ்பார் வலது காதின் பின்புறத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். காதுக்குள் பதித்திருந்த சுருக்கி இயங்கத் தொடங்கியது.

இப்போது சுருக்கி இல்லாத காதே கிடையாது. எதிரில் இருப்பவர் பேசுவதை அடக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் அது காதில் சொல்லும். பத்து நிமிடப் பேச்சைப் பத்துச் சொல்லில் முடிக்கும். அலுவலகம், பள்ளிக்கூடம், சட்டமன்றம் எல்லாம் அதனால்தான் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்தவர் பேச்சை வைத்துக்கொள்வது குற்றம் என்பதால், சாரத்தைப் பிழிந்ததும் மூலத்தை உடனே அழித்துவிடும். முகத்தைக் கவனமாக வைத்துக்கொண்டு, அவ்வப்போது 'ம்ம்' என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

இசக்கியம்மாள் சொன்னது இது: "சேத்துத் தண்ணியில வெள்ளை போட்டா, பனிமூட்டத்துல கார் லைட்டு போட்ட மாதிரி வெளிச்சம் நம்ம மூஞ்சிக்கே திரும்பும். நீலம் தெளிஞ்ச தண்ணிக்கு. ஒங்க பக்கம் பச்சைதான் எறங்கும். ரெண்டா வாங்கிக்கோங்க, ஒண்ணுல பாசி அடச்சாலும் இன்னொண்ணு புடிச்சுக்கும். கதிர் குறுகலா இருக்கணும் அண்ணாச்சி. அகலமாப் போட்டா தெருவே முழிச்சிரும். ஆளு வராத வீடு எத்தனையோ கெடக்கு. அவுக பாவம், யாரு வெளிச்சம் பட்டாலும் தன் வீட்டாளுதான் வந்துட்டுன்னு பேச ஆரம்பிச்சிருவாக. பெறவு, இந்தா இது ஆப்பு. வள்ளத்துக்கு அடி தட்டையா இருக்காது, நடுவுல எறங்கி ரெண்டு பக்கமும் ஏறிக் கெடக்கும். அப்படியே வச்சு ஒட்டுனா வெளிச்சம் ஓரமாப் போயிரும். அதுக்குத்தான் ஆப்பு. தடிச்ச பக்கம் வெளிய பாக்கணும், மெலிஞ்ச பக்கம் நடுவப் பாக்கணும். ரெண்டுக்கும் அப்படித்தான், மறந்துராதீய. பசை காய ஒரு நாள் விடுங்க. தண்ணிக்கு வெளிய வச்சு எரியவிட்டுப் பாத்திராதீய, சூடு தாங்காமப் பொசுங்கிரும்."

சுருக்கி சொன்னது இது: "பச்சை. குறுகிய கதிர். இரண்டு. ஆப்பு வைத்து ஒட்டவும். ஒரு நாள் உலர வேண்டும். நீருக்கு வெளியே எரிக்கக் கூடாது."

"ம்ம். சரிம்மா," என்றார் கஸ்பார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுத்தீயன்னா நானே வந்து மாட்டித் தாரேன். கை பழகாதவுக மாட்டுனா..."

"நானே பாத்துக்கிடுதேன்," என்று பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார்.

அவர் வாடகைக்கு எடுத்திருந்தது பதினாறு அடி பைபர் வள்ளம். மிதவை ஓரத்தில் இரண்டு கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். கஸ்பார் துண்டு விரித்து அடியில் மல்லாந்து படுத்தார். விளக்குகள் உள்ளங்கை அளவில் வட்டமாக, வெண்கல உறையோடு கனமாக இருந்தன. இடப்பக்கத்தில் சிப்பியைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆப்பை வைத்துப் பசை தடவி விளக்கை அழுத்தி, திருகாணி முறுக்கினார். ஆப்பின் தடித்த பக்கம் அவருடைய இடது கையைப் பார்த்து இருந்தது. அது தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது. பிறகு வலப்பக்கம் நகர்ந்தார். அங்கேயும் தடித்த பக்கத்தை இடது கைப்பக்கமே வைத்தார். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால்தானே ஒழுங்கு என்று ஒரு அட்டவணைக்காரருக்குத் தோன்றுவது இயல்புதான்.

இதனால் இடது விளக்கு நேர் கீழே பார்த்தது. வலது விளக்கோ படகடியின் சாய்வும் ஆப்பின் சாய்வும் கூடிப்போய், இருபத்து நான்கு பாகை வெளியே பார்த்தது. பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் அது ஐந்து மீட்டர் தள்ளிப் போய் விழும். தெற்கு மாதாகோயில் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டிக் கட்டியவை. ஐந்து மீட்டர் என்றால் பக்கத்து வீடு.

பசை காயும் ஒரு நாளும் கஸ்பாருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அம்மாவிடம் என்ன பேசுவது என்று ஒரு பட்டியல் எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது.

கல்லறைத் திருநாள் அன்று பூசை முடிந்ததும், பிற்பகல் இரண்டு மணி வெயிலில் ஊரே கடலில் இறங்கியது. முன்னூறு வள்ளங்கள் இருக்கும். மெழுகுவத்திக்குப் பதிலாக ஒவ்வொன்றின் அடியிலும் விளக்கு எரிந்தது. கலங்கிய நீருக்குள் பச்சைத் தூண்களும் நீலத் தூண்களும் இறங்கி நின்றன. மேலே ஜனங்கள் குடை பிடித்து உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வள்ளத்தில் புதுமாப்பிள்ளையை அறிமுகப்படுத்தினார்கள். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு கிழவர், "கறுப்பா செவப்பா?" என்று கேட்டார். இன்னொன்றில் ஒரு பெண் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். கீழேயிருந்து ஒரு குழந்தை எண்களைச் சொல்லிக்கொண்டே போனது. இருபத்தேழு, இருபத்தெட்டு. அந்த வள்ளத்தைக் கடக்கும்போது கஸ்பாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாவு என்பது முடிந்துபோனவர்களின் விஷயம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தவருக்கு, அந்தக் கடல் முழுக்க யாராவது வருவார்களா என்று காத்துக்கிடக்கிறது என்று தோன்றியது.

தெற்குப் பக்கம் போகப் போக வள்ளங்கள் குறைந்தன. மாதாகோயில் தெருவுக்கு மேலே யாருமே இல்லை. வரைபடத்தைப் பார்த்து, நான்காவது வீட்டுக்கு மேலே நிறுத்தி, முன்னும் பின்னும் இரண்டு நங்கூரம் போட்டார். பிறகு சுருக்கியை அணைத்தார். பல ஆண்டுகளில் முதல் முறை. படகில் தண்ணீர் மோதும் சத்தமும் தன் மூச்சும் அவ்வளவு உரக்கக் கேட்டதில் அவருக்கே திகைப்பாக இருந்தது. அம்மா சொல்வதில் ஒரு சொல்லைக்கூட விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டு விளக்குகளைப் போட்டார்.

ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு, "யாரு?" என்றது.

கஸ்பார் தண்ணீரை நோக்கிக் குனிந்தார். "நான்தாம்மா. கஸ்பாரு."

"எய்யா! சாப்பிட்டியாய்யா?"

பத்தொன்பது ஆண்டுகளாகக் கேட்காத குரல். கண்ணீர் தாரை தாரையாக வந்தது. "சாப்பிட்டேம்மா."

"அங்க மழ பெய்யுதா?"

"இல்லம்மா. அம்மா, அன்னைக்கு மூணு தடவ கூப்பிட்டியே, எதுக்கும்மா கூப்பிட்ட?"

"நானா? என்னைக்குய்யா?"

"செவ்வாக்கெழம. பத்தே முக்காலுக்கு. நான் எடுக்கல. எதுக்குக் கூப்பிட்டம்மா?"

கீழே கல் மினுக்காமல் இருந்தது. தேடுகிறது என்று அர்த்தம். "ஒண்ணுமில்லய்யா, சும்மாதான் இருக்கும். நீ நல்லாருக்கேல்லா?"

"நல்லாருக்கேன். நெறைய நேரம் இருக்கும்மா. இன்னைக்கு எனக்கு ஒரு வேலையும் கெடையாது. நீ பேசு, நான் கேக்கேன்."

"சரிய்யா. ஒனக்கு வேல கெடக்கும். வச்சிரட்டா?"

"ஐயோ, வைக்காதம்மா..."

"ஒடம்பப் பாத்துக்கய்யா. வச்சிருதேன்."

மினுக்கல் நின்றது. முப்பத்தெட்டு விநாடி.

கல்லைக் குறை சொல்லிப் பயனில்லை. மகனோடு மதலேன் பேசிய பதினோரு ஆண்டுப் பேச்சும் அதற்குள் இருந்தது. ஞாயிறு தவறாமல் ஒரு பேச்சு, எதுவுமே ஒரு நிமிடத்தைத் தாண்டியதில்லை. அவள் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் மறுமுனையில் 'ம்ம், ம்ம்' என்று வரும். அது வந்தால் வைத்துவிட வேண்டும் என்று அவள் கற்றிருந்தாள். கல்லும் அதையே கற்றது. எடுக்காத அழைப்பைப் பற்றியோ கல்லுக்கு எதுவுமே தெரியாது. எடுக்காத அழைப்பில் பேச்சு ஏது?

கஸ்பார் விளக்கை அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். ஒளியின் அளவைக் கூட்டினார். "அம்மா, அம்மா" என்று தண்ணீரை உள்ளங்கையால் அடித்தார். ஐம்பத்து மூன்று வயது அதிகாரி, சட்டை முழுக்க நனைந்து, படகின் விளிம்பில் குப்புறக் கிடந்து குழந்தை மாதிரி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது வழி இருக்குமா என்று ஒளிச்செவியின் கையேட்டைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார்.

"யாரு வெளிச்சம் போட்டுருக்கது? ரோஸ்லினா?" என்று கேட்டது ஒலிபெருக்கி.

அது அம்மாவின் குரல் இல்லை. கஸ்பார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அந்தக் கட்டைக் குரலை அடையாளம் காண அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்து வீட்டு அக்னேசம்மாள். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவள். ரோஸ்லின் அவளுடைய ஒரே மகள். சுவர் உடைந்தபின் செவ்வாய்க் கிரகக் குடியிருப்புக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. கூட்டிய ஒளியில்தான் வலது விளக்கின் கோணல் கதிர் அக்னேசம்மாளின் கல்லை எழுப்பியிருந்தது.

"ரோஸ்லின் இல்ல மாமி. கஸ்பார். மதலேன் மகன்."

"மதலேன் மவனா! எய்யா, எப்பம் வந்த? நல்லாருக்கியா? எனக்குத்தான் முட்டி வலி உசுரு போகுது..."

கஸ்பாரின் கண் கையேட்டில் இருந்தது. 'உறங்கிய கல்லை எழுப்புதல்' என்ற பக்கத்தை அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார். விரல் தன்போக்கில் காதுக்குப் பின்னால் போய் ஒரு தட்டுத் தட்டியது. தட்டியதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

அக்னேசம்மாள் பேசினாள்:

"ஆறு நாளா மாடி ஏற முடியலய்யா. தைலம் போட்டாலும் கேக்கல. மீனும் முன்ன மாதிரி இல்ல, சீலா வாங்கலாம்னு போனா நெத்திலிதான் கெடக்கு. இந்த ரோஸ்லினு புதுசா ஒரு போன அனுப்பி வச்சிருக்கா. எனக்கு அத எங்கன அமுக்கதுன்னே தெரியல. மதலேந்தான் வந்து சொல்லிக்குடுத்தா. 'இங்கன பேரு இருக்கு பாருக்கா, இத அமுக்கணும், இந்தா அடிக்கி பாரு'ன்னு அவ போன்ல ஒம் பேர அமுக்கிக் காட்டுனா. நான் பதறிப்போனேன். ஏட்டி, வேலையில இருக்க புள்ள, எடுத்துரப் போறாம்னேன். அவ சிரிக்கா. 'அவன் எடுக்க மாட்டான்க்கா. அதான் தைரியமா அவனுக்கு அடிக்கேன். வேற யாருக்கும் அடிச்சா எடுத்துருவாகல்லா'ங்கா. எனக்கு ஒரு தடவையில மண்டையில ஏறுமா? மூணு தடவ அமுக்கிக் காட்டுனா. பெறவு அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. 'மூணு தடவ கூப்பிட்டுருக்குன்னு பாத்தா புள்ள பயந்துருவானே'ங்கா. 'அவனுக்கு எதுவும் இல்லன்னு சொல்லிரணும்க்கா. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டான். ஓம் மவள அவனுக்குச் சொல்லிரச் சொல்லு. நீயும் அவன எங்கயாச்சும் பாத்தேன்னா சொல்லிரு. ஒண்ணுமே இல்ல, போன் சொல்லிக் குடுக்கதுக்கு அடிச்சேன். அத மனசுல வச்சுக்கிட்டு அவன் அலயக் கூடாது'ன்னு சொல்லிட்டு, கீர கடையணும்னு எந்திரிச்சுப் போனா. அவ போனதும் நானே தானா அமுக்கி ரோஸ்லினக் கூப்புட்டுட்டேன் பாத்துக்க! அம்மா நீயா அடிச்சன்னு அவளுக்கு ஒரே ஆச்சரியம். அர மணி நேரமா எல்லாத்தயும் அவகிட்டச் சொல்லிட்டேன்."

அந்த அரை மணிப் பேச்சுத்தான் கல்லில் பதிந்திருந்தது. ஆனால் அன்று அவ்வளவு நேரமும் ரோஸ்லினின் காதிலும் சுருக்கி இருந்தது. அது சந்தைக்கு வந்த புதிது. எல்லோரும் ஆசையாக வாங்கிக்கொண்டிருந்த நேரம்.

கஸ்பாரின் சுருக்கி சொன்னது இவ்வளவுதான்: "முழங்கால் வலி. மீன் கிடைப்பதில்லை. தங்கள் தாயார் கைபேசியை இயக்கக் கற்றுக்கொடுத்தார். மகளுடன் பேசினார்."

"ம்ம்," என்றார் கஸ்பார். கையேட்டில் அந்தப் பக்கம் முடிந்தது. உறங்கிய கல்லை எழுப்ப வழி எதுவும் இல்லை என்று சொல்ல ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார்கள். அவர் அதை மூடிக் கீழே வைத்தார்.

"என்னய்யா, ம்ம் ம்ம்ங்க. வேலையா இருக்கியோ?"

"வேலையாக இருக்கிறீர்களா என்று கேட்கிறார்," என்றது சுருக்கி.

"ஆமா மாமி, கொஞ்சம் வேலை," என்றார் கஸ்பார். பத்தொன்பது ஆண்டு ஆசை முப்பத்தெட்டு விநாடியில் போனபின், முட்டிவலிக்கு அவரிடம் பொறுமை இல்லை. ஆனாலும் செத்துப்போன கிழவியிடம் முகம் கொடுக்காமல் போவது பாவம் என்று நினைத்து, விடைபெறும் நேரத்திலாவது மரியாதையாகக் கேட்போம் என்று சுருக்கியைத் தட்டி அணைத்தார். அதனால் கடைசிப் பேச்சு மட்டும் அவர் காதில் முழுசாக விழுந்தது.

"...சரிய்யா, நீ வேலயப் பாரு. மதலேன் ஒங்கிட்டச் சொல்லச் சொன்னதச் சொல்லிட்டேன், எனக்கும் பாரம் எறங்கிட்டு. சமாதானமாப் போயிட்டு வா. வச்சிருதேன்."

கஸ்பாருக்கு அது மனதில் ஏற ஒரு நொடி ஆனது.

"மாமி! என்ன சொன்னா? அம்மா என்ன சொல்லச் சொன்னா? மாமி!"

ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் இருந்தது. அவர் வலப்பக்கம் பாய்ந்து குனிந்து பார்த்தார். பச்சைக் கதிர் கோணலாகப் போய்ச் சேற்றுக்குள் எங்கோ விழுந்து கிடந்தது. அந்த இடத்தில் எதுவும் மினுக்கவில்லை. வடக்கே தொலைவில் யாரோ பாட்டுப் பாடினார்கள்.

சுருக்கியைத் தட்டினார். "இப்போ பேசினவங்க என் அம்மாவைப் பற்றி என்ன சொன்னாங்க?"

"தங்கள் தாயார் அவருக்குக் கைபேசியை இயக்கக் கற்றுக்கொடுத்தார்."

"வேறே? எனக்குன்னு ஏதாவது சொல்லச் சொன்னாங்களா?"

"முக்கியமான செய்தி எதுவும் இல்லை."

"மூலத்தைப் போடு. அவங்க பேசினதை அப்படியே போடு."

"மூலம் அழிக்கப்பட்டது," என்றது சுருக்கி, எப்போதும்போல இனிய குரலில். "இந்த உரையாடலில் தாங்கள் மிச்சப்படுத்திய நேரம், ஒரு நிமிடம் ஐம்பது விநாடி."